இடப்பக்கத்து இரண்டு போல்ட்டுகள்

மார்ச் 3, ஞாயிறு

காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை தம்பி வேலை பார்க்கும் ஒர்க்ஷாப்பில். விடுமுறை நாள் என்பதால் முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லிஃப்டின் மேலே என் வண்டி. கீழே நாங்கள் இருவரும்.

துணிக்கூரையைத் திறந்து மூடும் இரண்டு சீட்டுக் காருக்கு இது ஒரு பிறவிக் குறை. மேலே பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாததால் பள்ளத்தில் இறங்கினால் உடம்பு முழுக்க நடுங்கும். கண்ணாடிச் சட்டம் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். இதே மாடலின் பின்னாள் வண்டிகளில் கம்பெனிக்காரர்களே நாலு இடத்தில் பிரேஸ் என்ற இறுக்குக் கம்பி போட்டுக் குறையைத் தீர்த்தார்கள். என் வண்டியில் அதற்கான துளைகள் மட்டும் இருந்தன, காலியாக. துளை போட வேண்டாம், வெட்ட வேண்டாம், பற்றவைக்க வேண்டாம். அதே அளவில் செய்த துண்டுகளைத் தேடிப் பிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

எஞ்சின் மேலே ஒன்று, தரைக்கடியில் பெருக்கல் குறி மாதிரி ஒன்று, பின்னால் ஒன்று, முன்சக்கரங்களுக்கு நடுவில் கீழே ஒன்று. மொத்தம் பதினாறு போல்ட். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லும் வரை தம்பி இறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தான். கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

கிளம்பும்போது சொன்னான். “அக்கா, என்ன சத்தம் வந்தாலும் எங்கிட்ட கொண்டு வா. முன்னாடி கீழ இருக்கறதுல மட்டும் கை வெக்காத. அந்தப் போல்ட்டுலதான் சக்கரத்தப் பிடிச்சிருக்கற கையும் நிக்குது.”

“உத்தரவு, உத்தரவு” என்றேன்.

வீட்டில் அம்மாவின் முதல் கேள்வி: “அரைகுறை கையில குடுத்தியா வண்டிய? வழியில எதெது உதிரப் போகுதோ.” அவன் பள்ளிக்கூட நாளில் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்ததற்கு வைத்த பேர். முப்பத்தொன்பது வயதாகிறது, இன்னும் அதே பேர். நான் ‘கணக்கா இருக்கறவ’. அதுவும் அம்மா வைத்ததுதான்.

மார்ச் 6, புதன்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வராமல் ஏரிச் சாலையில் ஒரு சுற்று. நடுக்கம் போயே போச்சு! வேகத்தடையில் ஏறி இறங்கினால் சக்கரம் மட்டும் அசைகிறது, வண்டி அசையவில்லை. நாற்பத்தாறு வயதில் சிக்னலில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து ஸ்கூட்டர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 9, சனி

வலப்பக்கம் முழுக்கத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒவ்வொரு தடவையும். பல்லில் சிக்கிய நார் மாதிரி.

மார்ச் 10, ஞாயிறு

வீட்டு ஷெட்டில் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்திக் கீழே போனேன். கண்டுபிடித்துவிட்டேன். கீழ்ப் பிரேஸின் இடது ஓரம் ஒரு குழாயை உரசுகிறது. ஒரு நெல் அளவு தள்ளினால் போதும். இதற்குப் போய் அவனைக் கூப்பிடுவதா?

துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, துணியால் துடைத்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் இடப்பக்கத்து இரண்டு போல்ட்டை இளக்கித் தள்ளினேன். கையால் முடுக்கிக்கொண்டிருக்கும்போது போன். மருந்தகத்தின் குளிர்பெட்டி நின்றுவிட்டதாம், இன்சுலின் எல்லாவற்றையும் உடனே மாற்ற வேண்டும். வண்டியை இறக்கிவிட்டு அதிலேயே ஓடினேன். சத்தம் இல்லை!

டார்க் ரெஞ்ச் தம்பியிடம் இருக்கிறது. நாளைக்கு வாங்கி அந்த இரண்டையும் சரியாக இறுக்க வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பான். கை வைத்தது தெரியும். வியாழன் அவன் வீட்டுக்குப் போகும்போது பேச்சோடு பேச்சாக வாங்கிக்கொள்ளலாம்.

மார்ச் 16, சனி

அம்மாவுக்குக் காறை எலும்பு முறிந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. எழுத வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

நேற்று சித்தியைப் பார்க்க அம்மாவை அழைத்துப் போனேன். கூரையைத் திறக்கச் சொன்னதே அம்மாதான். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, “சினிமாக்காரி மாதிரி இருக்கேனா?” என்றாள். பாலத்துக்கு முந்தைய இறக்கத்தில் முன்னால் போன பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி இடது பக்கமாகத் தானாக இழுத்துக்கொண்டு போனது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், கேட்கவில்லை. கட்டைச் சுவரில் மோதி நின்றோம்.

அம்மா கத்தவில்லை. “என் செருப்பு எங்க?” என்று கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

வார்டில் படுத்திருக்கிறாள். இடது முன்சக்கரம் உள்ளே மடங்கிப் போன வண்டியைத் தம்பியின் ஒர்க்ஷாப்புக்கே இழுத்துப் போயிருக்கிறார்கள். பஸ்காரன் திடீரென்று நின்றான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வியாழக்கிழமை ஞாபகம் இருக்கிறது. வியாழன் அவன் வீட்டில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. மறந்தேபோனேன்.

மார்ச் 18, திங்கள்

தம்பி வார்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, கீழ பாத்தேன். இடப்பக்கத்துல ரெண்டு போல்ட் லூசா இருந்துச்சு. மத்த பதினாலுலயும் மஞ்சக்கோடு இருக்கு. அந்த ரெண்டுல இல்ல. நான்... இறுக்காம விட்டுட்டேன்க்கா. எப்படி விட்டேன்னே தெரியல.”

சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டான். நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்தேன்? எழுதுகிறேன். அவன் முதுகைத் தடவினேன். தடவிக்கொண்டே சொன்னேன்: “பரவாயில்லடா. வேணும்னா செஞ்ச?”

மன்னித்தேன். நான் அவனை மன்னித்தேன்!

மார்ச் 19, செவ்வாய்

பத்தாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஸ்பிரே அடித்து, துணியால் துடைத்து. கோட்டை அழித்ததும் என் கைதான்.

இந்தத் தாளைக் கிழித்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. கிழிக்கப் பிடித்தேன். பிடித்த இடம் கசங்கியிருக்கிறது. கிழிக்கவில்லை என்பதற்காக என்னைப் பாராட்டிக்கொள்ள முடியுமா? வாயைத் திறக்கவும் இல்லையே.

மார்ச் 22, வெள்ளி

அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று. தம்பி அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து தானே சொன்னான். வழக்கம்போலத் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். நானும்தான். அம்மா அவனைத் திட்டவில்லை. ‘அரைகுறை’ என்று கூடச் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “எழுந்து போ” என்றாள்.

அவன் போகும்போது என்னைப் பார்த்தான். நான் அம்மாவின் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தேன். சரியாகத்தான் இருந்தது அது.

மார்ச் 25, திங்கள்

முதலாளியிடமும் சொல்லிவிட்டானாம். யாரும் கேட்கவில்லை, இவனே போய். அடுத்த மாதம் திறக்கும் இரண்டாவது ஒர்க்ஷாப்புக்கு இவனைத்தான் பொறுப்பாளனாகப் போடுவதாக இருந்தது. பதினொரு வருட உழைப்பு. முதலாளி, “நீ நல்லவன்தான். ஆனா பெத்த அம்மா ஏறுற வண்டியிலயே விட்டிருக்க, நான் எப்படி நம்பிக் குடுக்கறது?” என்றாராம். இப்போது டயர் கழற்றி மாட்டும் பக்கம் போட்டிருக்கிறார்.

போனில் சொன்னபோது குரலில் வருத்தம் கூட இல்லை. “அவர் சொல்றதும் நியாயம்தானேக்கா” என்றான்.

நியாயம்தானாம். சொல்லிடு. இப்பவே சொல்லிடு, வாயத் தொற. “சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

மார்ச் 28, வியாழன்

மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பாட்டிலில் லேபிள் மாற்றி ஒட்டிவிட்டாள். வெளியே போவதற்கு முன் அவளே கவனித்து, பாட்டிலோடு வந்து சொன்னாள். பிழைப் பதிவேட்டை எடுத்து எழுத வைத்தேன். அவள் தோளில் கை வைத்து, “தப்பு எல்லாருக்கும் வரும்மா. மறைக்கறதுதான் ஆளைக் கொல்லும். நீ வந்து சொன்னே பாரு, அதுதான் பெரிசு” என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

அம்மாவின் இடது கைக்குக் கட்டுப் போட்டிருப்பதால் தலை வாரத் தினமும் காலையில் தம்பி வருகிறான். எனக்கு அந்த நேரத்தில் வேலை. இன்று லீவு என்பதால் பார்த்தேன். சிக்கெடுக்கும்போது கொஞ்சம் இழுத்திருக்கும். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள். அவன் சீப்பைக் கீழே வைத்து, ஒரு நிமிடம் இருந்துவிட்டு மறுபடி எடுத்தான்.

கிளம்பும்போது அடுப்பைப் பார்த்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து பார்த்தான். கேட்டைத் தாண்டியவன் மறுபடி வந்து, “அக்கா, கேஸ் மூடியிருக்கு இல்ல?” என்றான்.

அவன் இன்று அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

தம்பி மனைவி ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தாள். எப்போதும் கலகலவென்று பேசுகிறவள். கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

“அண்ணி, நீங்க சொன்னா அவர் கேப்பாரு. ஒரு சக்கரத்துக்கு அஞ்சு நட்டு. அதை நாலு தடவ, அஞ்சு தடவ பாக்கறாராம். வண்டி கேட்டைத் தாண்டினப்புறம் ஓடிப்போய் நிறுத்தி, எறக்கிப் பாக்கறாராம். கஸ்டமர் எல்லாம் சிரிக்கறாங்க. வண்டி ஓட்டறதையே விட்டுட்டாரு, பஸ்லதான் போறாரு. தனக்கு மறதி நோய் வந்துடுச்சுன்னு சொல்றாரு அண்ணி. ‘அந்த ரெண்டுல கோடு போட்ட மாதிரி கண்ணுக்குள்ள நிக்குது, ஆனா அங்க கோடு இல்ல. அப்ப என் மூளையே பொய் சொல்லுது’ன்னு அழறாரு. அவங்க அப்பாவுக்கும் கடைசியில அப்படித்தானே ஆச்சாம்?”

ஆமாம். அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. எங்கள் பேரையே கேட்டார் கடைசியில்.

“டாக்டர்கிட்ட காட்டும்மா” என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான். டாக்டர்கிட்ட காட்டும்மா.

ஏப்ரல் 11, வியாழன்

நான் உள் மேசையில் இருந்தேன். சீட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. நாற்பதாவதோ என்னவோ ஒரு சீட்டு வந்தது. பேர், வயது 39. பதற்றத்துக்கான மாத்திரை, சின்ன அளவு. அதன் கீழே: ஞாபக சக்திப் பரிசோதனை, தலை ஸ்கேன்.

கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், வேலைச் சட்டையோடு. இரண்டு கைகளையும் முழங்கால் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு. நான் இன்று இருக்க மாட்டேன் என்று நினைத்து வந்திருப்பான். எனக்குக் கவலை வேண்டாமென்று.

மாத்திரையை எண்ணினேன். உறையில் ‘இரவு உணவுக்குப் பின் ஒன்று’ என்று எழுதினேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அந்தப் புதுப் பெண் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அவளிடம் ஏதோ இரண்டு முறை கேட்டு, உறையைப் படித்துப் பார்த்து, சட்டைப்பையில் வைத்து, பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான்.

நோய் என்னிடம். மருந்து அவனுக்கு. கொடுத்ததும் நானே.

போதும். இதுக்கு மேல முடியாது. மனுஷிதானா நான்?

ஏப்ரல் 12, வெள்ளி

அரை நாள் லீவு சொல்லிவிட்டு இந்த நோட்டோடு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். பின்புறத்தில், உடைந்த வண்டிகளை நிறுத்தும் இடத்தில், பழைய டயர்கள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி என் வண்டி.

வழியெல்லாம் என்னென்னவோ வார்த்தை கோத்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

“நான்தான்டா” என்றேன்.

“என்ன நீதான்?”

“அந்த ரெண்டு போல்ட். நான்தான் கழட்டினேன். சத்தம் வந்துச்சுன்னு. இறுக்காம விட்டதும் நான்தான்.”

புரியாமல் பார்த்தான். நோட்டைப் பிரித்துப் பத்தாம் தேதியை நீட்டினேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். உதடு அசையப் படித்தான். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தான்.

“ஸ்பிரே அடிச்சுத் துடைச்சியா?”

“ஆமா.”

“அப்ப அங்க கோடு இருந்துச்சா?”

“இருந்துச்சு. ரெண்டுலயும் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். நீ பதினாறும் இறுக்கியிருந்தடா.”

சோற்றுப் பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தான். “அப்ப என் தலையில ஒண்ணும் இல்ல” என்றான். என்னிடம் சொல்லவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னான். “எனக்கு ஒண்ணும் இல்ல” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். திட்டுவான், அடிப்பான் என்று கூட நினைத்திருந்தேன். அவன் முதலில் நிம்மதிதான் அடைந்தான். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

தோளைத் தொடப் போனேன்.

“தொடாத.”

தலையை நிமிர்த்தினான். கண் சிவந்திருந்தது. “லூசா விட்டதுகூடப் போகட்டும். அது மறதி, எனக்குத் தெரியாத மறதியா? நான் அழுதப்ப முதுகைத் தடவினியே. ‘பரவாயில்லடா’ன்னு சொன்னியே. இருபத்தஞ்சு நாளா நான் அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுதான் நடமாடுனேன். அக்கா ஒருத்தியாவது மன்னிச்சுட்டான்னு.”

நோட்டை எடுத்துக்கொண்டேன்.

நேராக முதலாளியின் அறைக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “நீங்க ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கறவங்கதானே?” என்றார். பிறகு, “புது இடத்தை ஒண்ணாம் தேதியே வேற ஆளுக்குக் குடுத்துட்டேன். இப்ப அவனைக் கிளப்ப முடியாது. பழைய வேலையை வேணா திருப்பிக் குடுக்கறேன்” என்றார். “மன்னிச்சுடுங்க” என்றேன். “எங்கிட்ட எதுக்கு?” என்றார்.

ஏப்ரல் 13, சனி

அம்மாவிடம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். அவள் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

“இந்தக் கையாலதான் அவன் கையத் தட்டிவிட்டேன்” என்றாள்.

பிறகு அழுதாள். அம்மா அழுது அப்பா சாவுக்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நான் வேலைக்குப் போன பிறகு தம்பி வந்து, திரும்புவதற்குள் போய்விடுகிறான். சீப்பு மட்டும் இடம் மாறியிருக்கிறது.

மே 5, ஞாயிறு

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது. அம்மா போனைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

“அவன்தான் பண்ணான்னு சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் நான் சொல்லியிருக்கேன். இப்ப நீ சொல்லு, ஒவ்வொருத்தருக்கா. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

சித்தி, பெரியப்பா மகன், இரண்டு அத்தைகள், தம்பியின் மாமனார். பதினொரு பேர். சித்தி, “அட விடு, எல்லாம் கெட்ட நேரம்” என்றாள். நேரம் இல்லை சித்தி, நான்தான் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மாமனார் கடைசிவரை கேட்டுவிட்டு, “சரிம்மா” என்று வைத்துவிட்டார். அவர்தான் மாப்பிள்ளையை நம்பி வண்டியில் ஏறாதே என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தவராம்.

ஏழாவது போனுக்கு மேல் குரல் நடுங்கவில்லை. அதுவும் பிடிக்கவில்லை. பழகிப்போய்விடக் கூடாது இது.

மே 19, ஞாயிறு

தம்பி மனைவி போனில்: பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். மாத்திரையை டாக்டர் மெதுவாகக் குறைக்கிறாராம். “ஆனா இன்னும் திரும்பத் திரும்பப் பாக்கறாரு அண்ணி. நோய் இல்லைன்னு தெரிஞ்சும் கை கேக்க மாட்டேங்குதாம்.” என்னோடு எப்படிப் பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. ‘அண்ணி’ என்பதை மட்டும் விடவில்லை. எனக்கு அதுவே அதிகம்.

ஜூன் 8, சனி

வண்டி தயார் என்று ஒர்க்ஷாப்பிலிருந்து அழைத்தார்கள். அதில் வேலை பார்த்தது வேறு ஒருவர். தம்பி தொடவில்லை என்று அவரே சொன்னார், நான் கேட்காமலே. நாலு பிரேஸும் பழையபடி போட்டிருக்கிறது. சாவியை வாங்கிக்கொண்டேன். கிளம்பவில்லை.

மூன்றாவது லிஃப்டில் தம்பி. பழைய வேலைக்கு வந்துவிட்டான். யாரோ ஒருவருடைய வெள்ளை வண்டி, சொந்தக்காரர் கைக்குழந்தையோடு நின்றிருந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம், அவன் கண்ணில் படாத இடத்தில்.

கீழே நின்று ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினான். முடித்ததும் விளக்கை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தான். விளக்கை அணைத்தான். லிஃப்டை இறக்கினான். மறுபடி குனியப் போகிறான் என்று நினைத்தேன். குனியவில்லை. சாவியைக் குழந்தையின் கையில் கொடுத்து அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். குழந்தை தர மறுத்தது. இருவரும் சிரித்தார்கள்.

வண்டி கேட்டைத் தாண்டிச் சாலையில் கலந்தது. அவன் அதன் பின்னால் போகவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோப்பை எடுத்துக் குழாயடியில் நிதானமாக, விரல் விரலாகக் கை கழுவினான்.

நான் அவனைக் கூப்பிடாமல் வந்துவிட்டேன்.